விலைப்பட்டையில் இடம்பெறாத தேயிலை: நிதிச் செய்தித் தொலைக்காட்சியின் வளர்ச்சியும் தோட்டத் தமிழரின் பொருளியலும்

முன்னுரை

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் கூரையோரத்தில் ஆஸ்ட்ரோ தட்டு பொருத்தப்பட்ட வீடுகளைக் காணலாம். திரைப்படத்திற்காகவும் தொடர்களுக்காகவும் வாங்கப்பட்ட அத்தட்டு, உரிய சந்தாவைச் செலுத்தினால் உலக நிதிச் செய்திகளையும் வீட்டுக்குள் கொண்டுவரும் ஆற்றல் உடையது. நியூயார்க், தோக்கியோ, கோலாலம்பூர் ஆகிய நகரங்களின் பங்கு விலைகள் திரையின் அடியில் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அவ்வீட்டின் பின்புறச் சரிவில் பறிக்கப்படும் கொழுந்தின் விலை அந்த ஓட்டத்தில் ஒருபோதும் வருவதில்லை. அக்கொழுந்தை விற்கும் நிறுவனத்தின் பெயரும் வருவதில்லை.

இது தற்செயலாக நேர்ந்த விடுபாடு அன்று. நிதிச் செய்தி அலைவரிசைகளின் நிகழ்ச்சிகள் வளர்ந்த முறையே இதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அதே வேளையில், அத்திரையில் தோன்றாத தோட்டத் தொழிலாளரின் வாழ்வு அத்திரை காட்டும் சந்தையோடு வலுவாகப் பிணைக்கப்பட்டுள்ளது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் தமிழில் விளக்குவோர் குறைவாக இருந்தமையால் நம் சமூகம் கொடுத்த விலை சிறிதன்று.

1. அரைமணி நேரத்திலிருந்து முழுநேர அலைவரிசைக்கு

தொலைக்காட்சியில் நிதிச் செய்தி தொடக்கத்தில் தனி அலைவரிசையாக விளங்கவில்லை. வார நிகழ்ச்சியாகவே இருந்தது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1970ஆம் ஆண்டு தொடங்கிய 'வால் ஸ்டிரீட் வீக்' வெள்ளி இரவுகளில் ஒளியேறியது. சந்தை மூடியபின் அவ்வாரத்தின் போக்கை அமைதியாகத் திரும்பிப் பார்ப்பதே அதன் நோக்கம். அதனை நடத்திய லூயிஸ் ருகைசர், பங்கு வாங்கிப் பழகாத நடுத்தரக் குடும்பத்தாருக்கும் புரியும் வகையில் பேசியவர். 1979இல் மயாமியில் தோன்றிய 'நைட்லி பிசினஸ் ரிப்போர்ட்' இதனை நாள்தோறும் வழங்கும் செய்தியாக மாற்றியது.

1981 நவம்பர் 30ஆம் நாள் ஃபைனான்ஷியல் நியூஸ் நெட்வொர்க் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. சந்தை திறந்திருக்கும் பகற்பொழுது முழுவதும் நிதிச் செய்தியையே வழங்குவது என்ற முடிவை அது எடுத்தது. பங்கு விலைகள் திரையின் அடியில் ஓடும் பட்டையை வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பழக்கப்படுத்தியதும் இவ்வலைவரிசைதான். நாம் இங்கு 'விலைப்பட்டை' என்று குறிப்பிடும் இவ்வமைப்பு வெறும் அலங்காரம் அன்று. எது செய்தி என்பதை உறுதிசெய்யும் அளவுகோலாகவே அது மாறியது. நொடிக்கு நொடி விலை மாறும் பொருளே பட்டையில் ஓட முடியும். பட்டையில் ஓடுவதைப் பற்றியே அறிவிப்பாளர் பேசுவார். நிதித் தொலைக்காட்சியின் பிற்கால வளர்ச்சி முழுவதற்கும் இதுவே அடித்தளம் எனலாம்.

1989 ஏப்ரல் 17ஆம் நாள் சி.என்.பி.சி. தொடங்கியது. இப்பெயரின் முதலெழுத்துகள் நுகர்வோர் செய்தியையும் வணிகத்தையும் சேர்த்தே குறித்தன. குடும்பச் செலவு, பொருள்களின் தரம், நுகர்வோர் உரிமை ஆகியவையும் அதன் பரப்புக்குள் அடங்கும் என்பதே தொடக்க எண்ணம். 1991இல் அது ஃபைனான்ஷியல் நியூஸ் நெட்வொர்க்கை விலைக்கு வாங்கியது. அதன்பின் நுகர்வோர் என்னும் பாதி படிப்படியாக ஒதுங்க, வணிகம் என்னும் பாதி மேலோங்கியது.

2. பகலும் இரவும்

1990களின் இடைப்பகுதியில் இவ்வலைவரிசையின் பகல்நேர நிகழ்ச்சிகள் விளையாட்டு நேர்முக வருணனையின் வடிவத்தைப் பெற்றன. 1995இல் தொடங்கிய 'ஸ்குவாக் பாக்ஸ்' சந்தை திறப்பதற்கு முந்தைய மணிநேரங்களை, ஆட்டம் தொடங்குமுன் நிகழும் உரையாடலைப் போல அமைத்தது. நிறுவனத் தலைவர்களும் பங்கு ஆய்வாளர்களும் திரையில் மாறிமாறித் தோன்றினர். 2000ஆம் ஆண்டில் இணையத்தள நிறுவனங்களின் பங்கு விலை வீழ்ந்தபோது இவ்வுற்சாகமும் தளர்ந்தது.

இங்கு ஓர் அடிப்படைச் சிக்கலைக் கவனிக்க வேண்டும். சந்தை பகலில் மட்டுமே இயங்குகிறது. அலைவரிசையோ இருபத்து நான்கு மணி நேரமும் இயங்க வேண்டியுள்ளது. ஆதலின் இரவு நேரம் எப்போதும் வேறு பொருளால் நிரப்பப்பட்டது. முதலில் பொது உரையாடல்கள், பின்னர் தனிநபர் முதலீட்டு ஆலோசனை, அதன்பின் நிதி மோசடிகள் பற்றிய ஆவணத் தொடர்கள், தொழில்முனைவோர் போட்டிகள் என அது மாறிவந்தது. 2005இல் ஜிம் கிரேமர் நடத்தத் தொடங்கிய 'மேட் மணி' கூச்சலும் ஒலிக்கருவிகளும் கலந்த நிகழ்ச்சியாகப் புகழ்பெற்றது.

2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடி இவ்வளர்ச்சியின் மீது ஒரு கேள்வியை எழுப்பியது. 2009 மார்ச் 12ஆம் நாள் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் ஜான் ஸ்டூவர்ட், கிரேமரை நேருக்கு நேர் அமர்த்தி வினாத்தொடுத்தார். பொதுமக்களின் ஓய்வூதியச் சேமிப்பு ஆபத்தில் இருந்தபோது நிதி அலைவரிசைகள் யார் பக்கம் நின்றன என்பதே அவ்வுரையாடலின் சாரம். தினமும் வாங்கி விற்பவருக்கும் முப்பது ஆண்டுகள் சேமிப்பவருக்கும் தேவைப்படும் செய்தி ஒன்றல்ல என்னும் உண்மை அன்று பொதுவெளியில் பேசப்பட்டது. தோட்டத் தொழிலாளர் இரண்டாம் வகையினர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

3. ஆசியாவில் நிதித் தொலைக்காட்சி

ஆசியாவில் இம்முயற்சி சிங்கப்பூரில் 1993இல் தொடங்கிய ஏசியா பிசினஸ் நியூஸ் வழியாக வேரூன்றியது. 1995இல் சி.என்.பி.சி. ஆசியாவுக்குரிய தன் ஒளிபரப்பைத் தொடங்கியது; 1998இல் இரண்டும் இணைந்தன. அவ்விணைப்பு நிகழ்ந்த காலம் ஆசிய நிதி நெருக்கடியின் காலமாகும். மலேசிய ரிங்கிட் 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என நிலைநிறுத்தப்பட்டு, 2005 ஜூலை வரை அவ்வாறே இருந்தது. நாணய மதிப்பு என்னும் சொல் அக்காலத்தில் சாதாரணக் குடும்பங்களின் பேச்சிலும் நுழைந்தது.

இந்தியாவில் டி.வி.18 நிறுவனம் 1990களில் பிற அலைவரிசைகளுக்கு வணிக நிகழ்ச்சிகளைத் தயாரித்து வழங்கிவந்தது. 1999 டிசம்பரில் சி.என்.பி.சி.யுடன் சேர்ந்து தனி அலைவரிசையாக அது வளர்ந்தது. ஆங்கிலத்தில் தொடங்கிய இவ்வளர்ச்சி விரைவில் இந்திக்குச் சென்றது. 2004இல் ஜீ பிசினஸ், 2005இல் சி.என்.பி.சி. ஆவாஸ் ஆகியவை தோன்றின. மொழி மாறியபோது நிகழ்ச்சிகளும் மாறின என்பது குறிப்பிடத்தக்கது. வருமான வரி, வீட்டுக்கடன், காப்புறுதி, தங்கம், நுகர்வோர் குறை ஆகியவை இந்தி அலைவரிசைகளில் கூடுதல் இடம் பெற்றன. குஜராத்தியில் சி.என்.பி.சி. பஜார் 2014இல் வந்தது. வட்டார மொழியில் பேசத் தொடங்கும்போது, சந்தையிலிருந்து வீட்டை நோக்கி நிதிச் செய்தி நகர்கிறது என்பதற்கு இவை சான்றாகும்.

தமிழில் நிதிச் செய்தி பெரும்பாலும் பொதுச் செய்தி அலைவரிசைகளின் ஒரு பகுதியாகவே இடம்பெற்று வருகிறது. மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தபின் வானவில் அலைவரிசையும், 2008இல் தொடங்கிய பெர்னாமா தொலைக்காட்சியின் தமிழ்ச் செய்தியும் தமிழருக்குக் கூடுதல் வாய்ப்பைத் தந்தன. அதே 2008இல் தொடங்கிய பி.எஃப்.எம். 89.9 என்னும் வணிக வானொலி ஆங்கிலத்தில் இயங்குகிறது. தமிழ்ச் செய்தியில் ரிங்கிட்டின் மதிப்பும் பங்குச் சந்தைக் குறியீட்டெண்ணும் சில வரிகளில் வாசிக்கப்படுவதுண்டு. ஆனால் அவ்வெண்கள் கேட்பவரின் வாழ்வில் என்ன செய்யும் என்பதை விளக்க அச்சில வரிகளில் இடமில்லை.

4. பட்டையில் ஓடாத கொழுந்து

விலைப்பட்டையில் ஒரு பொருள் ஓட வேண்டுமாயின் இரண்டில் ஒன்று தேவை. அப்பொருளை விற்கும் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும். அல்லது அப்பொருளே முன்பேரச் சந்தையில் வணிகமாக வேண்டும். கேமரன் மலைத் தேயிலைக்கு இவ்விரண்டும் இல்லை.

கேமரன் மலையின் முதன்மைத் தேயிலை நிறுவனமான 'போ', ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவரால் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததும் அதே ஆண்டுதான். இன்றும் அது குடும்ப நிறுவனமே. அதன் பங்கு பொதுச் சந்தையில் விற்கப்படுவதில்லை. 1933இல் தொடங்கிய பாரத் தேயிலையும் குடும்ப நிறுவனமாகவே வளர்ந்தது.

தேயிலையின் இயல்பும் இதற்குத் துணைசெய்கிறது. செம்பனை எண்ணெய்யைத் தரப்படுத்தி, நாளை வரும் சரக்கை இன்றே விலைபேசலாம். கோலாலம்பூரில் 1980 முதல் அதற்கு முன்பேரச் சந்தை உண்டு. தேயிலையோ தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மணமும் நிறமும் மாறுவது. ஆகவே அது சுவைத்துப் பார்த்து ஏலம் விடப்படும் பொருளாகவே நிலைத்தது. கொழும்பில் 1883 முதலும் குன்னூரில் 1963 முதலும் ஏலம் நடைபெற்று வருகிறது. இலண்டன் ஏலம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து 1998இல் முடிவுற்றது. மலேசியத் தேயிலைக்கோ ஏலத்தின் தேவையும் குறைவு. நாட்டின் தேவையைவிட விளைச்சல் குறைவாதலால் பெரும்பகுதி பொட்டலமிடப்பட்டு உள்நாட்டுக் கடைகளுக்கே நேராகச் செல்கிறது.

ஆதலின் செம்பனைத் தோட்டத் தொழிலாளர் தாம் பறிக்கும் குலையின் உலக விலையை மாலைச் செய்தியில் கேட்கலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு அவ்வாய்ப்பு இல்லை. சம்பளப் பேச்சில் விலையேற்றத்தைச் சுட்டிக்காட்டி வாதிட வேண்டுமாயின், அவருக்கும் அவர்தம் சங்கத்துக்கும் கைக்கெட்டும் பொது எண் எதுவும் இல்லை. செய்தியில் இடம்பெறாமை என்பது இங்கு பெருமைக் குறைவு மட்டுமன்று. பேரத்தில் கைப்பிடி இல்லாத நிலையுமாகும்.

5. பட்டியலில் இல்லாத பங்கு

தோட்டத் தமிழர் பங்கு என்றால் என்னவென்று அறியாதவர் என்னும் எண்ணம் பொருத்தமற்றது. ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுவந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தித் தொழிலாளர் உறுப்பினராயினர். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வேலைசெய்யும் நிலத்திலேயே பங்குடையவராதல் என்பது கண்ணால் காணக்கூடிய முதலீடாக இருந்தது. அதனைப் புரிந்துகொள்ளத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை.

1982இல் ம.இ.கா. முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் வேறு வகையினது. ஏறத்தாழ 66,000 இந்தியர்களிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட தொகை திரட்டப்பட்டது. அவர்களுள் தோட்டத் தொழிலாளரும் எளிய வருமானத்தாரும் மிகப் பலர். இம்முறை பங்கு என்பது காணும் நிலமாக இல்லை. பல துறைகளில் முதலிடும் ஒரு நிறுவனத்தின் தாளாக இருந்தது. அந்நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. எனவே அதன் விலை எந்தப் பட்டையிலும் ஓடவில்லை. விற்க விரும்பியவருக்குத் திறந்த சந்தையும் இல்லை. 28 ஆண்டுகளுக்குப் பின், 2010இல், 1 ரிங்கிட் கொடுத்து வாங்கிய பங்குக்கு 80 சென் தர ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது.

இதற்கான அரசியல் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மொழிவழிக் கல்வி சார்ந்த ஒரு வினாவை மட்டும் இங்கு எழுப்பலாம். பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை வாங்குவோர் எதனைக் கேட்க வேண்டும்? ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்? பங்கை எவ்வாறு விற்க முடியும்? இவ்வினாக்களை அன்றே தமிழில் தொடர்ந்து விளக்கும் நிகழ்ச்சி ஒன்று இருந்திருப்பின், பங்குதாரர்கள் தங்கள் உரிமையை முன்னதாகவே கேட்டிருப்பர் என்று கருத இடமுண்டு.

6. சேமநிதி என்னும் பாலம்

நிதிச் சந்தை தமக்கு அயலானது என்று தோட்டத் தொழிலாளர் எண்ணுவது இயல்பு. ஆயினும் 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி அவரை அச்சந்தைக்குள் கொண்டுசென்றுவிட்டது. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். இச்சம்பளம் பெறும் உள்நாட்டுத் தொழிலாளரின் பங்காக 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், சேமநிதிக்குச் செல்கிறது. முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. அதாவது 221 ரிங்கிட். இவ்வாறு மாதந்தோறும் சேரும் 408 ரிங்கிட்டின் ஒரு பகுதி கடன் பத்திரங்களிலும், ஒரு பகுதி உள்நாட்டு, வெளிநாட்டுப் பங்குகளிலும் முதலிடப்படுகிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். சேமநிதி 2007ஆம் ஆண்டுக்கு 5.80 விழுக்காடும் 2008ஆம் ஆண்டுக்கு 4.50 விழுக்காடும் லாப ஈவு வழங்கியது. 40,000 ரிங்கிட் சேமிப்புள்ள ஒருவருக்கு முன்னைய விகிதத்தில் 2,320 ரிங்கிட் கிட்டும். பின்னைய விகிதத்தில் 1,800 ரிங்கிட்டே கிட்டும். இடையிலுள்ள 520 ரிங்கிட் பெரும்பாலும் உலகப் பங்குச் சந்தைகளின் வீழ்ச்சியோடு சென்றது. நியூயார்க் வங்கியொன்றின் முறிவு ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் வாழும் ஒருவரின் முதுமைக்காலச் சேமிப்பைத் தொட்டது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

ஆகவே விலைப்பட்டையைத் தோட்டத்து வீடு புறக்கணிக்க முடியாது. அதே வேளையில் நாள்தோறும் ஏறி இறங்கும் எண்ணால் அவ்வீட்டுக்குப் பயனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் லாப ஈவு, விலைவாசி உயர்வோடு ஒப்பிடும்போது அதன் உண்மை மதிப்பு, குறைந்தபட்சச் சம்பள மாற்றம் ஆகியவையே அவ்வீட்டின் குறியீட்டெண்கள். இன்று கேமரன் மலையில் கத்தரியும் இயந்திரமும் கொண்டு கொழுந்தெடுப்போருள் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுதி. 2025 அக்டோபர் முதல் அவர்களுக்கும் தொழிலாளர், முதலாளி ஆகிய இரு தரப்பிலும் 2 விழுக்காடு வீதம் சேமநிதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தோட்டத்தின் மக்கள் மாறினாலும் இத்தேவை மாறவில்லை.

7. சொல்லும் பொருளும்

நிதிச் செய்தியைத் தமிழில் வழங்குவதற்குக் கலைச்சொல் பற்றாக்குறை தடையாக இல்லை. பங்கு, லாப ஈவு, பணவீக்கம், வட்டி விகிதம், குறியீட்டெண் ஆகியவை நிலைபெற்ற சொற்கள். தடையாக இருப்பது, அச்சொற்களைக் கேட்பவரின் அனுபவத்தோடு இணைக்காமை.

எடுத்துக்காட்டாக, 'சந்தை சரிந்தது' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். மலைத்தோட்டத்து மாணவருக்குச் சரிவு என்பது தேயிலை நட்ட சாய்நிலம். மழைக்காலத்தில் நிலச்சரிவு என்னும் அச்சம். நிலம் சரிந்தால் மீண்டும் ஏறாது. சந்தை சரிந்தால் ஏறக்கூடும். இவ்வேறுபாட்டை விளக்காமல் அச்சொல்லை வாசித்தால், கேட்பவர் உள்ளத்தில் தேவையற்ற அச்சம் எழும். ஏறுமுகச் சந்தையைக் காளை என்றும் இறங்குமுகச் சந்தையைக் கரடி என்றும் கூறுவது உலக வழக்கு. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ 'கரடி விடுதல்' என்பது பொய் கூறுதலைக் குறிக்கும். அவ்வழக்கை அறிந்த மாணவர் 'கரடிச் சந்தை' என்பதனை ஏமாற்றுச் சந்தை என்று பொருள்கொண்டால் அவரைக் குறைகூற இயலாது.

'பங்கு' என்னும் சொல்லுக்கு மட்டும் இத்தகைய இடர்ப்பாடு இல்லை. பங்காளி, பங்கு பிரித்தல், பங்கு கேட்டல் ஆகிய வழக்குகள் நம் குடும்ப வாழ்வில் ஊன்றியவை. பங்கு உடையவர் கணக்குக் கேட்கும் உரிமையும் உடையவர் என்பது அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆசிரியர் இதனைத் தொடக்கமாகக் கொள்ளலாம். பெற்றோரின் சேமநிதி அறிக்கையில் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, சந்தாவையும் லாப ஈவையும் கணக்கிடச் செய்வது ஒரு பயிற்சி. ஒரு வாரப் பொருளியல் செய்தியைத் தம் குடியிருப்பினருக்கு விளங்கும் ஐந்து வாக்கியங்களில் எழுதச் செய்வது மற்றொரு பயிற்சி. இரண்டும் மொழிப்பாடத்திற்குள்ளேயே அமையத்தக்கவை.

முடிவுரை

நிதிச் செய்தித் தொலைக்காட்சி வார நிகழ்ச்சியாகத் தொடங்கி, விலைப்பட்டையால் வடிவம் பெற்று, முழுநேர அலைவரிசையாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் நொடிக்கு நொடி மாறும் விலைகளும் மையமாயின. ஏலப்பொருளும், குடும்ப நிறுவனமும், கூலியும் புறத்தே நின்றன. வட்டார மொழிகளுக்குச் சென்றபோது அது வீட்டை நோக்கித் திரும்பியதையும் கண்டோம். தமிழில் அத்திருப்பம் இன்னும் முழுமையடையவில்லை.

அதற்கு இருபத்து நான்கு மணி நேர அலைவரிசை வேண்டும் என்பதில்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரம், சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் பங்குப் பத்திரத்தையும் விளக்கும் நிகழ்ச்சி ஒன்று தமிழில் தொடர்ந்து வந்தால் போதும். வெள்ளி இரவில் ருகைசர் தொடங்கியதும் அத்தகையதொரு முயற்சிதான். தம் கையெழுத்தை இடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தம் மொழியிலேயே அறிந்திருக்கும் தலைமுறையை உருவாக்குவதில் ஊடகத்தாருக்கும் தமிழாசிரியருக்கும் சம பங்கு உண்டு.